வளைந்த கரமும் நிமிர்ந்த அணியும்

புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிப் பகுதியிலே, ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் அணைத்து நிற்க, ஒடுங்கிய மணற்பரப்பாய் நீண்டு கிடப்பது உச்சமுனை. கடலையே வயலாகக் கொண்ட மக்களின் ஊர் அது. இத்தகைய கரையோரச் சிற்றூர்களில் அலை பின்வாங்கிய ஈரமணலே சிறுவர்க்கு ஆடுகளம். பலகைத் துண்டே துடுப்பு. மூன்று தடிகளே விக்கெற். புற்றரையும் பயிற்றுநரும் இல்லாத அவ்விடத்தில், பந்தைச் சுழற்ற முனையும் சிறுவன் ஒருவன் தன் மணிக்கட்டை முற்றும் முறுக்கி, விழிகளை அகல விரித்து வீசுவானாயின், அவன் யாரைப் பின்பற்றுகின்றான் என்பதை எவரும் சொல்லாமலே அறிவர். மலைநாட்டிலே பிறந்த ஒருவரின் கையசைவு கடற்கரைச் சிறுவனின் கையிலே குடிபுகுந்தது எவ்வாறு? விளையாட்டின் வரலாறு மாத்திரமன்றி, ஒரு நாட்டின் அண்மைக்கால வரலாறும் இவ்வினாவில் அடங்கியிருக்கின்றது.

அம்மலைநாட்டவர் முத்தையா முரளிதரன். ரெஸ்ற் கிரிக்கெற்றில் 133 போட்டிகளில் 800 விக்கெற்றுக்களையும், ஒருநாட் போட்டிகளில் 534 விக்கெற்றுக்களையும் வீழ்த்தியவர். இவ்விரு தொகைகளையும் எட்டிய பந்துவீச்சாளர் வேறொருவர் இலர். ஆயினும், இத்துணைப் புகழெய்திய ஆட்டக்காரருள், இவரைப்போல ஐயுறவுக்கும் ஏச்சுக்கும் ஆளானவரும் அரியர். நடுவர் தடுத்தனர், பார்வையாளர் கூச்சலிட்டனர், முன்னாள் வீரர் சிலர் பழித்தனர், ஒரு நாட்டின் பிரதமரே குறை கூறினார். இவ்வாறு வழக்குக்குரியவராய் நின்ற ஒருவரால் தளர்ந்திருந்த ஓர் அணி எவ்வாறு நிமிர்ந்தது என்பதும், கடல்கோளால் நிலைகுலைந்த ஒரு நகர் அவரால் எத்தகைய ஆறுதல் பெற்றது என்பதும் ஆராயத்தக்கன.

இத்தகைய நிகழ்ச்சி உலகில் முன்னர் நிகழாததன்று. 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயோர்க் நகரம் நலிந்திருந்தது. நகராட்சியின் நிதி நெருக்கடி ஒருபுறம். அவ்வாண்டு யூலை மாதத்தில் மின்சாரம் தடைப்பட்ட இரவிலே நிகழ்ந்த கொள்ளையும் தீவைப்பும் மறுபுறம். அவ்வேளையில் அந்நகரின் பேஸ்போல் அணியாகிய யாங்கீஸில் சேர்ந்திருந்தவர் றெஜி ஜாக்சன். சக வீரரோடும் பயிற்றுநரோடும் பிணங்கியவர். பத்திரிகைகளின் கண்டனத்துக்கு இடையறாது ஆளானவர். எனினும் அவ்வாண்டு ஒக்ரோபர் 18ஆந் தேதி, மூன்று வீச்சுக்களை மூன்று முறை எல்லைக்கு அப்பால் அடித்து, 1962இன் பின்னர் அவ்வணி பெறாதிருந்த வாகையை அதற்குப் பெற்றுக் கொடுத்தார். இத்தாலியின் தென்பாலுள்ள நேப்பிள்ஸ் நகரமும் இவ்வாறே. வடபுலத்துச் செல்வ நகரங்களால் இகழப்பட்ட அந்நகரின் உதைபந்தாட்ட அணியில் 1984இல் சேர்ந்த டியகோ மரடோனா, 1987இல் அதற்கு முதன்முறையாகத் தேசியச் சம்பியன் பட்டத்தை ஈட்டினார். போதைப்பொருட் குற்றத்தால் 1991இல் தடைசெய்யப்பட்ட அவரை அந்நகர் கைவிடவில்லை. 2020இல் அவர் மறைந்ததும் தன் ஆட்டரங்குக்கு அவர் பெயரையே சூட்டியது.

இவ்விரண்டிலும் ஒரு பொதுமை உண்டு. நலிந்த ஓர் ஊர், குறையற்ற வீரனைவிடக் குறைகூறப்பட்ட வீரனையே தன்னவனாக எளிதில் ஏற்றுக்கொள்கின்றது. தன்னைப் பிறர் இகழ்வதுபோலவே அவனையும் இகழ்கின்றனர் என்னும் உணர்வே அதற்குக் காரணமாகலாம். ஆயின் முரளிதரனின் வழக்கு ஓரிடத்தில் இவற்றினின்றும் வேறுபடும். ஜாக்சனும் மரடோனாவும் பழிக்கப்பட்டது அவர்தம் நடத்தையாலாகும். முரளிதரன் பழிக்கப்பட்டதோ பிறவியிலேயே அமைந்த அவரது கையினாலாகும்.

இனி, அவர் வந்து சேர்ந்த அணியின் நிலையை நோக்குவோம். இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி 1981இல் வழங்கப்பட்டது. 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கெதிரான முதற் போட்டி கொழும்பிலே, தமிழ் யூனியன் கழகத்தின் களமாகிய சரவணமுத்து அரங்கில் நடைபெற்றது. 1985இல் அதே களத்திலே இந்தியாவை வென்றதே முதல் வெற்றி. 1986இல் பாக்கிஸ்தானை வென்றது இரண்டாவது. அதன்பின் ஆறாண்டுகள் வெற்றியின்றியே கழிந்தன. உள்நாட்டுப் போரின் காரணமாக வெளிநாட்டு அணிகள் வரத் தயங்கின. 1987 முதல் 1992 வரை தாயக மண்ணில் ரெஸ்ற் போட்டி எதுவும் நடைபெறவில்லை. அழகாகத் துடுப்பெடுத்தாடும் வீரர் அணியில் இருந்தனர். ஆயின் எதிரணியின் இருபது விக்கெற்றுக்களையும் வீழ்த்தி வெற்றியை நாட்டவல்ல பந்துவீச்சாளர் இலர். ஐந்து நாள் ஆட்டத்திலே ஓட்டங்கள் தோல்வியைத் தவிர்க்கும். வெற்றியை ஈட்டுவன விக்கெற்றுக்களே. இவ்வுண்மையை உணர்ந்தால், முரளிதரனின் வருகை அவ்வணிக்கு யாதாயிற்று என்பது தெளிவாகும்.

முரளிதரன் 1972 ஏப்பிரல் 17இல் கண்டியிலே பிறந்தார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத் தொழிலுக்கெனத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். அவ்வாறு வந்த மக்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. தந்தையார் முத்தையா கண்டிப் பகுதியில் பிஸ்கற் தொழிற்சாலை ஒன்றை நிறுவி முன்னேறியவர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரம் அக்குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. அப்பொழுது முரளிதரன் ஐந்து வயதுச் சிறுவர்.

கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்ற காலத்தில் அவர் முதலில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே இருந்தார். பதினான்காம் வயதில், பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோவின் அறிவுரைப்படி சுழற்பந்துவீச்சுக்கு மாறினார். பின்னர்த் தமிழ் யூனியன் கழகத்திற் சேர்ந்து, 1992 ஓகஸ்ட் 28இல் அவுஸ்திரேலியாவுக்கெதிராகக் கொழும்பிலே தம் முதல் ரெஸ்ற் போட்டியில் இறங்கினார்.

அவருடைய பந்துவீச்சின் தனித்தன்மையை இங்கே விளக்குதல் வேண்டும். பந்தை வலக்கைத் துடுப்பாளருக்கு உட்புறமாகத் திருப்பும் ஓவ் ஸ்பின் வீச்சாளர் பெரும்பாலும் விரல்களாலேயே சுழற்றுவர். அதனாற் பந்து ஓரளவே திரும்பும். முரளிதரனோ விரல்களோடு மணிக்கட்டையும் முழுமையாகப் பயன்படுத்தினார். அவருடைய மணிக்கட்டு வழக்கத்துக்கு மாறாக மிக எளிதில் வளையக்கூடியது. தோளும் விரைந்து சுழலவல்லது. முழங்கையோ பிறவிக் குறையால் முற்றும் நேராக நீளாதது. ஆதலின், அவர் பந்தை விடுங்கணத்தில் வளைந்திருக்கும் கை, காண்பவர் கண்ணுக்குப் பந்தை எறிவதுபோலத் தோன்றிற்று.

கிரிக்கெற் விதியின்படி பந்தை வீசலாம், எறிதல் ஆகாது. எறிதல் என்பது யாது? வீசுங் கை தோள்மட்டத்தை எட்டிய பின்னர், பந்து கையை விட்டு நீங்கும்வரை, முழங்கை மூட்டு நேராக்கப்படுதல் கூடாது என்பதே விதி. ஈண்டு ஒரு நுட்பம் உளது. வளைந்த கையை வளைந்தபடியே வைத்து வீசுதலை விதி தடுக்கவில்லை. வளைந்த கையை நிமிர்த்துதலையே தடுக்கின்றது. ஆயின் கண்ணிமைக்கும் நேரத்துள் நிகழும் அச்செயலில், கை வளைந்தே இருந்ததா, நிமிர்ந்ததா என்பதை இருபது யார் தொலைவில் நிற்கும் மனிதரின் கண் எவ்வாறு துணியும்? அக்காலத்து விதி அப்பொறுப்பினை நடுவரின் கண்ணுக்கே விட்டிருந்தது. வழக்கு முழுவதும் இவ்விடத்திலேதான் பிறந்தது.

1995 டிசெம்பர் 26ஆந் தேதி, மெல்பேண் அரங்கிலே ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடியிருக்க, நடுவர் டரல் ஹெயர் முரளிதரனின் பந்துகளை மூன்று ஓவர்களுள் ஏழு முறை முறையற்றவையென அறிவித்தார். அணித் தலைவர் அர்ஜுன ரணதுங்க வாதாடிவிட்டு, முரளிதரனை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே அவர் தடையின்றி வீசினார். ஒரே நாளில், ஒரே களத்தில், ஒரே கை ஒரு முனையிற் குற்றமுடையதாகவும் மறுமுனையிற் குற்றமற்றதாகவும் கொள்ளப்பட்டது. விதியின் தளர்ச்சியைக் காட்ட இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை. பத்து நாட்களின் பின்னர், 1996 யனவரி 5இல் பிறிஸ்பேனில் நடுவர் றொஸ் எமெர்சனும் ஏழு முறை அவ்வாறே அறிவித்தார். எறிந்து வீசுதல் மிகக் கடினமெனக் கருதப்படும் லெக் ஸ்பின் பந்தை முரளிதரன் வீசியபோதும் அவர் விட்டாரல்லர்.

இருபத்துமூன்று வயதுடைய இளைஞர் ஒருவரின் வாழ்வு அத்துடன் முடிந்திருத்தல் கூடும். அவ்வாறு முடிந்த வாழ்வுகளும் உள. அவுஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் இயன் மெக்கிஃப் 1963இல் பிறிஸ்பேனிலே ஒரே ஓவரில் நான்கு முறை தடுக்கப்பட்டபோது, அவருடைய அணித் தலைவர் மீண்டும் அவரிடம் பந்தைக் கொடுக்கவில்லை. அப்போட்டியுடன் அவர் ஆட்டத்தைத் துறந்தார். இலங்கை அணியோ மாற்றுவழியைத் தெரிந்துகொண்டது. தன் வீரரை மறைக்காமல் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய கை பல கோணங்களிற் படம்பிடிக்கப்பட்டு அளக்கப்பட்டது. எறிவதுபோலத் தோன்றுவது கண்ணின் மயக்கமே என்பது அவ்வாய்வுகளின் முடிவு.

அவ்வாண்டே இலங்கைக்குப் பெரும் சோதனையும் பெரும் பேறும் உடன்வந்தன. 1996 யனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியைத் தகர்த்த குண்டுவெடிப்பிலே பலர் மாண்டனர். அடுத்த மாதம் தொடங்கவிருந்த உலகக் கிண்ணப் போட்டிக்கு அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அந்நிலையில் இந்தியரும் பாக்கிஸ்தானியரும் ஒன்றுகூடி ஓரணியாய் வந்து கொழும்பில் ஒரு நட்புப் போட்டி ஆடியமை இத்துணைக்கண்டத்தின் விளையாட்டு வரலாற்றிலே மறக்கலாகாத பக்கமாகும். மார்ச் 17இல் லாகூரிலே இறுதியாட்டம். எதிர் நின்றதும் அதே அவுஸ்திரேலியா. முரளிதரன் தம் பத்து ஓவர்களில் 31 ஓட்டங்களையே கொடுத்தார். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெற்றுக்களை வீழ்த்தி, ஆட்டமிழக்காது 107 ஓட்டங்களும் பெற்றார். ஏழு விக்கெற்றுக்களால் கிண்ணம் இலங்கைக்காயிற்று. மூன்று மாதங்களுக்கு முன்னர் ஏமாற்றுவோர் போல நடத்தப்பட்ட ஓரணி, தன்னை ஐயுற்ற நாட்டையே நேர்நின்று வென்றது. அச்சத்தால் வெறிச்சோடியிருந்த கொழும்பின் தெருக்களிலே அன்று மக்கள் அஞ்சாது கூடினர்.

இவ்வெற்றியை முரளிதரன் ஒருவருக்கே உரியதாக்குதல் பொருந்தாது. அது துடுப்பாளரின் வெற்றி. அவருக்கே உரிய வெற்றி 1998 ஓகஸ்ட் மாதத்தில் இலண்டன் ஓவல் களத்திலே வாய்த்தது. இங்கிலாந்து அக்கோடையில் இலங்கைக்கு ஒரேயொரு ரெஸ்ற் போட்டியையே அளித்திருந்தது. நாணயச் சுழற்சியில் வென்ற ரணதுங்க, ஆடுகளம் துடுப்பாட்டத்துக்கு உகந்ததாயிருந்தும், எதிரணியை முதலில் ஆடப் பணித்தார். இருமுறை பந்துவீசுதற்கிடையில் முரளிதரனுக்கு ஓய்வு வேண்டுமென்பதே அதன் நோக்கம். ஒரு வீரரின் தோளை மையமாகக் கொண்டு ஐந்து நாட்களையும் திட்டமிட்ட அத்தலைவரின் துணிவு வியக்கத்தக்கது. முரளிதரன் முதலில் ஏழும் பின்னர் ஒன்பதுமாகப் பதினாறு விக்கெற்றுக்களை வீழ்த்தினார். சனத் ஜயசூரிய 213 ஓட்டங்கள் குவித்தார். இங்கிலாந்து மண்ணில் இலங்கை பெற்ற முதல் ரெஸ்ற் வெற்றி அதுவே. அதன்பின் இலங்கையை ஒற்றைப் போட்டிக்குரிய சிற்றணியாகக் கருதுதல் எளிதாயிருக்கவில்லை.

எனினும் வழக்கு ஓயவில்லை. 1999 யனவரி 23இல் அடிலெயிட் நகரில் இங்கிலாந்துக்கெதிரான ஒருநாட் போட்டியின்போது எமெர்சன் மீண்டும் முரளிதரனைத் தடுத்தார். ரணதுங்க நடுவரை நோக்கிச் சுட்டுவிரல் நீட்டி வாதாடினார். பின்னர் அணியினர் அனைவரையும் அழைத்துக்கொண்டு எல்லைக்கோட்டை நோக்கி நடந்தார். ஆட்டம் சிறிதுநேரம் நின்றது. அச்செயல் ஆட்டத்தின் ஒழுங்குக்கு மாறானதென்பதில் ஐயமில்லை. அதற்காக அவர் விசாரிக்கப்பட்டுத் தண்டனையும் பெற்றார். ஆயின் அச்செயலின் பயன் யாதெனின், எல்லைக்கோட்டின் அருகே நின்ற பதினொருவருள் சிங்களவர் எத்தனைபேர், தமிழர் எத்தனைபேர் என்னும் கணக்கு அன்று பொருளற்றுப் போனமையாகும். நாட்டிலே போர் கொழுந்துவிட்டெரிந்த காலம் அது. பெரும்பான்மை இனத்தவரான ஒரு தலைவர், சிறுபான்மை இனத்தவரான ஓர் இளைஞருக்காகத் தம் பதவியையும் பணயமாக வைத்தார். அன்று 303 ஓட்டங்களைத் துரத்திய அணி, இறுதி விக்கெற் எஞ்சியிருக்க வெற்றியெய்தியது. மஹேல ஜயவர்தன என்னும் இளைஞர் 120 ஓட்டங்கள் பெற்றார்.

வழக்கின் மூன்றாங் கட்டம் 2004இல் எழுந்தது. ஓவ் ஸ்பின் போலத் தோன்றி எதிர்ப்புறமாகத் திரும்பும் பந்தொன்றை முரளிதரன் வீசலானார். 'மற்றையது' எனப் பொருள்படும் தூஸ்ரா என்னும் உருதுச் சொல்லால் அது வழங்கப்பட்டது. போட்டி மத்தியஸ்தர் அதனை ஐயுற்று முறையிட்டார். ஆய்வுகூடத்தில் அளந்தபோது முழங்கை ஏறத்தாழ 14 பாகை நீள்வதாகக் காணப்பட்டது; பயிற்சியாற் பின்னர் அது 10 பாகை அளவுக்குக் குறைந்தது. அக்கால விதி சுழற்பந்து வீச்சாளருக்கு 5 பாகையையே அனுமதித்தது. அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட் அவரை எறிபவரெனக் கூறியதும் அவ்வாண்டே. அவ்வாண்டின் அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில் முரளிதரன் பங்குகொள்ளவில்லை. முழங்கை அசையாதவாறு இறுக்கிய கவசத்தைக் கையிலே பூட்டிக்கொண்டு, படக்கருவிகளின் முன்னே அதே பந்துகளை வீசிக் காட்டினார்.

ஆயின் அளவுகோலை ஒருவர்மீது வைத்தபின் ஏனையோர்மீதும் வைத்தல் வேண்டுமன்றோ? சர்வதேச கிரிக்கெற் சபை அவ்வாறே செய்தது. உயர்வேகப் படக்கருவிகளால் மற்றைப் பந்துவீச்சாளரையும் அளந்தபோது, தூய வீச்சாளரெனப் போற்றப்பட்ட வேகப்பந்து வீச்சாளர் பலருடைய முழங்கையும் 10 பாகைக்கு மேல் நீள்வது வெளிப்பட்டது. முற்றும் நேரான கை என்பது பெரும்பாலும் கற்பனையே என்பது புலனாயிற்று. இதன் பயனாக, 15 பாகைக்கு உட்பட்ட நீட்சி எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக 2005 முதல் அனுமதிக்கப்பட்டது. வெறுங் கண்ணால் எளிதிற் காணக்கூடிய எல்லை அதுவென்பதே அவ்வளவுக்குக் கூறப்பட்ட காரணம். ஒருவருக்காக விதி வளைக்கப்பட்டதென்று கூறுவோர் இன்றும் உளர். இந்திய அணியின் முன்னாட் சுழற்பந்து வீச்சாளர் பிஷன் சிங் பேடி அவருள் முதன்மையானவராய் விளங்கினார். எதிர்த்துக் கூறியவருள் மேற்கிந்திய வீரர் மைக்கல் ஹோல்டிங்கோ, அளவைகளை நேரிற் கண்டபின் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். நடுநிலையோடு நோக்குவார்க்கு, விதி வளைந்ததன்று. தோற்றத்தைக் கொண்டு தீர்ப்பளித்த நிலைமாறி, அளவையைக் கொண்டு தீர்ப்பளிக்கும் நிலை பிறந்தது என்பதே புலப்படும்.

அவ்வாண்டின் இறுதியிலேயே வழக்கெல்லாம் சிறிதெனத் தோன்றச்செய்த பேரிடர் நேர்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆந் தேதி எழுந்த ஆழிப்பேரலை இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டது. புத்தளக் கரை பெரும்பாலும் தப்பியது. கிழக்கும் வடகிழக்கும் தெற்கும் சிதைந்தன. தென்கரையின் காலி நகரிலே, ஒல்லாந்தர் கோட்டையின் மதிலடியில் அமைந்த கிரிக்கெற் அரங்கும் அலைக்கு இரையாயிற்று. கோட்டையின் தடித்த சுவர்கள் உள்நகரைக் காத்தன. மதிலுக்கு வெளியேயிருந்த பேருந்து நிலையமும் கடைத்தெருவும் ஆட்டக்களமும் நீருள் மூழ்கின. அன்று முரளிதரன் காலிக்கு வடக்கே கரையோரத்திலுள்ள சீனிகம என்னும் ஊரை நோக்கிச் சென்றுகொண்டிருந்தார். அங்கு ஏழை மாணவர்க்குப் பரிசளிக்கும் நிகழ்ச்சியொன்றுக்குச் சிறிது பிந்தியமையே அவர் உயிரைக் காத்தது.

அதன்பின் அவர் ஆற்றிய தொண்டு புள்ளிப்பட்டியலில் இடம்பெறாதது. உணவும் உடையும் ஏற்றிய லொறிகளை ஒழுங்கு செய்து, தெற்கோடு நில்லாது கிழக்குக் கரைக்கும் அனுப்பினார். சீனிகமவில் குஷில் குணசேகர நிறுவிய நற்பணி அமைப்போடு இணைந்து, வீடிழந்தோர்க்கு வீடுகள் அமைவதற்கு உழைத்தார். அவரோடு விக்கெற் எண்ணிக்கையில் நெடுநாட் போட்டியிட்ட அவுஸ்திரேலியரான ஷேன் வோர்னும் காலிக்கு வந்து உதவினார். வோர்ன் தம் 500ஆவது விக்கெற்றை வீழ்த்தியது, பேரலைக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்னர், அதே காலி அரங்கிலாகும்.

அரங்கை மீண்டும் அங்கேயே கட்டுவதா, வேறிடத்துக்கு மாற்றுவதா என்னும் வினா எழுந்தது. இறுதியில் அங்கேயே கட்டப்பட்டது. 2007 டிசெம்பர் 18இல் இங்கிலாந்துடன் ரெஸ்ற் போட்டி மீண்டும் அங்கு தொடங்கியது. அதற்கு இரு வாரங்களின் முன்னரே, கண்டி அஸ்கிரியவில், தம் பிறந்த ஊரவர் முன்னிலையிலே, வோர்னின் 708 விக்கெற் எல்லையை முரளிதரன் கடந்திருந்தார். எனினும் தாம் விடைபெறுதற்குத் தெரிந்துகொண்ட களம் காலியே.

2010 யூலையில் இந்தியாவுக்கெதிரான காலிப் போட்டியே தம் இறுதி ரெஸ்ற் என அவர் முன்கூட்டியே அறிவித்தார். அப்பொழுது அவர் கணக்கில் 792 விக்கெற்றுக்கள் இருந்தன. எண்ணூறுக்கு எட்டுக் குறைவு. கையிலிருந்தது ஒரேயொரு போட்டி. இரண்டாம் நாள் ஆட்டத்தையோ மழை முற்றும் கொண்டது. முதல் இனிங்ஸில் ஐந்தும், இரண்டாம் இனிங்ஸில் இரண்டும் வீழ்ந்தபின், இந்தியாவின் கடைசி விக்கெற் நெடுநேரம் நின்றது. கோட்டை மதில்மேல் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். யூலை 22ஆந் தேதி, பிரக்யான் ஓஜா தட்டிய பந்தை மஹேல ஜயவர்தன பிடித்தபோது எண்ணூறு நிறைந்தது. அடிலெயிட் நாளிலே தம் 120 ஓட்டங்களால் அணியைக் காத்த அதே ஜயவர்தன என்பது குறிக்கத்தக்கது. இலங்கை பத்து விக்கெற்றுக்களால் வென்றது.

இவ்விடத்தில் மிகைப்படக் கூறுதலைத் தவிர்த்தல் வேண்டும். காலியைக் கட்டியெழுப்பியது கிரிக்கெற் அன்று. கல்லும் மண்ணும் சுமந்த அவ்வூரவரின் உழைப்பும், உலகெங்குமிருந்து வந்த உதவியுமே அதனைக் கட்டின. ஆயின் அழிவின் பெயராலேயே உலகம் அறிந்த ஒரு நகர், மீண்டும் மகிழ்ச்சியின் பெயரால் அறியப்படுதல் சிறு பயனன்று. பிணங்கள் மிதந்த இடம் என்று நினைவுகொள்ளப்பட்ட களம், எண்ணூறாவது விக்கெற் வீழ்ந்த இடம் என்று நினைவுகொள்ளப்படலாயிற்று. அந்நினைவு மாற்றமே ஒரு வீரர் ஓர் ஊருக்கு அளிக்கக்கூடிய கொடை.

அவ்வாறே, நாட்டின் இனப்பிணக்கையும் அவர் தீர்த்தாரல்லர். ஒரு பந்துவீச்சாளராற் தீர்க்கப்படக்கூடியதுமன்று அது. அணியிலே அவர் பெற்ற அன்பு, அணிக்கு வெளியே தமிழர் அனைவர்க்கும் கிடைத்ததெனக் கொள்ளுதல் உண்மையாகாது. போர்க்காலத்திலும் அதன் பின்னரும் அவர் கூறிய சில கருத்துக்கள் தமிழருட் பலரைப் புண்படுத்தின. அவர் வாழ்க்கையைப் படமாக்க முயன்றபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால், 2020இல் நடிகர் விஜய் சேதுபதி அதிலிருந்து விலகினார். முரளிதரனே அவரை விலகுமாறு கேட்டுக்கொண்டார். வேறொரு நடிகரைக் கொண்டு எடுக்கப்பட்ட '800' என்னும் அப்படம் 2023இல் வெளிவந்தது. ஆதலின், அவுஸ்திரேலிய நடுவர்முன் மாத்திரமன்றித் தம் சொந்த மொழியினர் முன்னும் அவர் வழக்குக்குரியவராகவே நின்றார். இரண்டாவது வழக்குக்குப் பாகை கணிக்கும் கருவி இல்லை. ஒருவருடைய ஆட்டத்தை வியப்பதும் அவருடைய சொல்லை மறுப்பதும் ஒருங்கே இயலும் என்பதை உணர்தலே அறிவுடையோர்க்கு அழகு. 2012 முதல் கிளிநொச்சி, மாங்குளம் முதலிய வடபுல ஊர்களிலே, தெற்கின் மாணவரும் வடக்கின் மாணவரும் எதிர்நின்று ஆடும் போட்டிகள் அவர் பெயரால் நடத்தப்பட்டமையையும் அக்கணக்கிற் சேர்த்தல் முறையாகும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. பெருந்திறமையுடைய ஒருவர் வந்தமையால் மாத்திரம் இலங்கை அணி எழுந்ததன்று. அத்திறமை தாக்கப்பட்டபோது அணி அவரைக் கைவிட்டிருந்தால், முரளிதரனும் இயன் மெக்கிஃப் போல ஒரு துயரக் குறிப்பாகவே எஞ்சியிருப்பார்; இலங்கையும் ஆறாண்டுக்கு ஒருமுறை வெல்லும் அணியாகவே இருந்திருக்கும். அவருக்காக வாதாடும்போதே அவ்வணி வாதாடக் கற்றது. பெரிய நாடுகளின் தீர்ப்பை முடிந்த தீர்ப்பெனக் கொள்ளாது, அளந்து காட்டுக என்று கேட்கத் துணிந்தது. அத்துணிவே லாகூரிலும் ஓவலிலும் வெற்றியாய் விளைந்தது. நலிந்தோரை எழுப்புவது வீரனின் ஆற்றல் ஒன்றேயன்று. அவனோடு தாமும் நிற்கத் துணிந்தோரின் உறுதியுமாகும்.

உச்சமுனைக் கரை போன்ற மணற்பரப்புகளில் மணிக்கட்டை முறுக்கும் சிறுவனுக்கு மெல்பேணும் அடிலெயிட்டும் கதையாகவே இருத்தல் கூடும். அவன் கற்றுக்கொள்ளவேண்டியது அம்முறுக்கை மாத்திரமன்று. தோழன் ஒருவனைப் பிறர் 'உன் கை கோணல்' என்று தள்ளும்போது, அவனோடு எல்லைக்கோடுவரை நடந்துசெல்லும் பண்பையும் அவன் கற்பானாயின், அவ்வாட்டம் பயனுடைய ஆட்டமாகும்.